ஏப்ரல் 21 யாருடைய நாள்?

எங்கள் வாசகர் வட்டம் சிறியது. இருபது பேருக்கு மேல் ஒருநாளும் சேர்ந்ததில்லை. வட கொழும்பில் ஒரு நண்பருடைய அச்சகத்தின் மேல்மாடியில், கடதாசிக் கட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துக் கூடுவோம். மாதாந்தக் கூட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஏப்ரல் 21 ஆம் திகதிக் கூட்டம் மட்டும் தவறியதில்லை. அல்லாமா இக்பால் லாஹூரில் காலமானது 1938 ஏப்ரல் 21 இல். பாவேந்தர் பாரதிதாசன் சென்னையில் காலமானது 1964 ஏப்ரல் 21 இல். இருவரையும் ஒரே மாலையில் நினைவுகூர்வது எங்களுக்கு ஒரு வசதி. கொஞ்சம் பெருமையும்தான்.

ஒருவர் இறைவனை முன்னிறுத்தி மனிதனை நிமிர்த்தப் பார்த்தவர். மற்றவர் இறைவனே இல்லையென்று சொல்லி நிமிர்த்தப் பார்த்தவர். 1929 ஜனவரியில் இக்பால் சென்னைக்கு வந்து இஸ்லாமியச் சிந்தனையின் புனரமைப்புப் பற்றி உரைகள் ஆற்றினார். அதே காலத்தில் அங்கிருந்து தெற்கே, புதுச்சேரியில் கனகசுப்புரத்தினம் என்ற பள்ளி ஆசிரியர் சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் வந்து சேர்ந்திருந்தார். இக்பால் பேசிய ‘குதீ’யும் பாரதிதாசன் பாடிய சுயமரியாதையும் ஒன்றா என்று வருடா வருடம் வாதிடுவோம். ஒன்றல்ல என்பதே என் கட்சி. ஆனாலும் அந்த வாதத்துக்காகவே காத்திருப்பேன்.

பாரதிதாசன் பகுதியை எப்போதும் நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். மாஸ்டர் என்றே அழைப்போம். நாத்திகக் கவிஞரைப் பற்றி ஒரு கத்தோலிக்கர் முஸ்லிம்கள் நடுவில் பேசுவதை வேறெங்கும் நான் கண்டதில்லை. எங்களுக்கு அது புதினமாகத் தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

2019 இல் அந்தத் திகதி ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. பாஸ்குத் திருநாளும் அன்றுதான். ஆகவே மாஸ்டரின் வசதிக்காக நேரத்தை மாலை ஐந்தரைக்குத் தள்ளியிருந்தோம். காலையில் என் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள். சுமார் 270 உயிர்கள். அதைச் செய்தவர்கள் எங்கள் பெயர்களை வைத்திருந்தார்கள், எங்கள் கலிமாவைச் சொன்னார்கள். ‘பெயர் தாங்கிகள்’ என்று அன்றிரவே எங்களில் பலர் எழுதத் தொடங்கினோம். நானும் எழுதினேன். அவர்களது உடல்களைப் பொறுப்பேற்கமாட்டோம் என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்ததே, அது அந்தச் சொல்லைவிட நேர்மையான காரியம் என்று இப்போது நினைக்கிறேன்.

மாஸ்டர் முந்திய இரவுத் திருப்பலிக்குப் போய் வந்துவிட்டதால் காலையில் வீட்டில் இருந்தார். அவரது தங்கையின் மகள் கோயிலில் இருந்தாள். அவள் திரும்பி வரவில்லை.

அடுத்த சில வாரங்கள் எப்படிப் போயின என்பது இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்குத் தெரியும். மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தேடுதல் எந்த வீட்டுக்கும் வரலாம் என்றிருந்தது. அரபு எழுத்தைப் போலத் தெரியும் எதுவும் ஆபத்து என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என்னிடம் இக்பாலின் ‘பாங்கே தரா’ உருதுப் பிரதி ஒன்று இருந்தது. வாப்பா வைத்துவிட்டுப்போன நூல். ஒரு மாலையில் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்தேன். உருது என்பது அரபு அல்ல, இது கவிதை, இவர் பயங்கரவாதி அல்ல, 1938 இலேயே காலமாகிவிட்டார் என்று வாசலில் நிற்கும் ஒருவருக்குச் சிங்களத்தில் எப்படி விளக்குவது என்று ஒத்திகை பார்த்ததும் நினைவிருக்கிறது. யாரும் வரவில்லை. புத்தகம் ஏழு மாதம் அரிசிக்குள் கிடந்தது.

2020 ஏப்ரலில் நாடே ஊரடங்கில். கூட்டம் பற்றிய பேச்சே எழவில்லை. கேள்வி வந்தது 2021 மார்ச்சில். ஏப்ரல் 21 இல் கூடுவதா? நோன்பு மாதமாக இருக்கும், கஞ்சியோடு முடித்துக்கொள்ளலாம் என்று அச்சக நண்பர் சொன்னார். நான்தான் முதலில் வேண்டாம் என்றேன். “இக்பாலை அவர் பிறந்த நாளுக்கு மாத்துவம், நவம்பர் 9. பாரதிதாசனுக்கு ஏப்ரல் 29 இருக்கு. அண்டைக்கு அவங்கட கோயில்கள்ல மணி அடிக்கிற நாள். அந்த நாளையில நாங்க கவிதை பேசிக்கொண்டு இரிக்கிறது மரியாதை இல்ல” என்றேன். என் குரல் எனக்கே கண்ணியமாகக் கேட்டது.

ஒரு இளைஞர் எழும்பினார். “நாம செஞ்ச குத்தமா? செய்யாத குத்தத்துக்கு ஏன் நாள மாத்தோணும்? மாத்தினா ஒத்துக்கொண்ட மாதிரி.” அவருக்குப் பக்கத்திலிருந்தவர் இன்னும் சூடாகச் சொன்னார். “இருபது நாள் புள்ளையக் கூட எரிச்ச. எங்கட மையித்துகள எரிச்ச நேரம் யாரு மணி அடிச்ச?” கொவிட் மையித்துகளைக் கட்டாயமாக எரித்தது நின்று அப்போது ஒரு மாதம்தான். அந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அது நியாயமான துயரம். ஆனால் அது அந்த இடத்தில் கேட்கப்பட்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு துயரத்தை இன்னொன்றின் மேல் தராசுக் கல்லாக வைக்கும்போது இரண்டுமே எடை குறைந்துவிடுகின்றன.

பெரும்பான்மை என் பக்கம். நாளை மாற்றினோம். இந்த நற்செய்தியை மாஸ்டருக்குச் சொல்லத் தொலைபேசி எடுத்தேன்.

“யாரக் கேட்டு மாத்தினீங்க நானா?” என்றார்.

“உங்களையெல்லாம் நினைச்சித்தான் மாஸ்டர்.”

“எங்கள நினைச்சா, பொலிஸ நினைச்சா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் கோபப்படவுமில்லை. பாடம் விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். “பயமெண்டா பயமெண்டு சொல்லுங்க. அதில பிழையில்ல, எனக்கும் பயம்தான். எங்கட செத்தவங்கட பேரில பயப்படாதீங்க.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். திருச்சபையின் கணக்கில் பாஸ்கு ஒவ்வொரு வருடமும் நகரும். வசந்தகாலத்துப் பௌர்ணமியைப் பார்த்து அதைக் கணிக்கிறார்கள். அந்த வருடம் அது ஏப்ரல் 4 இல். “நான் நாலாந் திகதி ஞாயிற்றுக்கிழமைதான் அழப்போறன். 21 டீவிக்கும் அரசாங்கத்துக்கும். ஆனா என்ட தங்கச்சிக்கு அப்பிடியில்ல. அவளுக்கு 21 தான். அவளுக்கு முன்னால எந்த நியாயமும் பேச ஏலாது.”

அந்த உரையாடலுக்குப் பிறகுதான் இந்தக் கேள்வியை நான் கேள்வியாகவே பார்க்கத் தொடங்கினேன். ஒரு திகதியின் மேல் யாருக்கு உரிமை?

முந்தி வந்தவர்களுக்கு என்றால் இக்பாலுக்கும் முந்திய ஆட்கள் இருக்கிறார்கள். பாபர் பானிபட்டில் இப்ராஹீம் லோதியைத் தோற்கடித்ததும் ஏப்ரல் 21 தான், 1526 இல். இரண்டு பக்கமும் கலிமாச் சொன்னவர்கள் தலைமை தாங்கிய போர் அது, இதையும் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் அந்த 21 பழைய ஜூலியன் நாட்காட்டியின் 21. இப்போது நாம் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டிக்கு மாற்றினால் அது மே 1 ஆகிவிடும். ஹிஜ்ரிக் கணக்கில் றஜப் மாதத்தில் நிற்கும். ஆக, ஒரே நாளில் நடந்தவை என்று நாம் வியப்பவை எல்லாம் நாம் போட்ட கட்டங்களுக்குள் நாம் எழுதிக்கொண்டவை. வருடத்தில் இருப்பது 365 கட்டங்கள். மனிதர்களின் சாவும் பிறப்பும் அதற்குள் எத்தனையோ கோடி. எந்தக் கட்டத்தில் கைவைத்தாலும் ஒருவருடைய மையித்தும் இன்னொருவருடைய கல்யாணமும் அகப்படும்.

புத்தளத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். முஹம்மத் அலி கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியது 1974 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரை விட்டு விரட்டப்பட்டது 1990 ஒக்டோபர் 30. அலி வென்ற நாளில் பதினான்கு வயதுப் பையனாகச் சோனகத் தெருவில் கூச்சல் போட்டு ஓடியவர் அவர். முப்பதாவது வயதில் அதே தெருவிலிருந்து ஒரு பையோடு நடந்தவர். இரண்டும் ஒரே திகதி என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எனக்குத் தெரியாது தம்பி” என்றார். “ரெண்டையும் ஒண்டாக் கட்டாதையுங்கோ. அது வேற நாள்.”

அவர் சொன்னதுதான் உண்மையென்று நினைக்கிறேன். எண்ணுகிறவனுக்குத்தான் அது ஒரே நாள். வாழ்ந்தவனுக்கு வேறு வேறு நாட்கள்.

நமது மரபில் இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி பத்தாம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் சின்ன மகன் இப்ராஹீம் வபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தைக்காக வானமே துக்கப்படுகிறது என்று மதீனாவில் சனங்கள் பேசினார்கள். மகனை இழந்து கண்ணீர் விட்ட தகப்பனுக்கு இதைவிட ஆறுதலான வார்த்தை எது? ஒரு தலைவருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம்தான் எது? நபியவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய சாவுக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்கு எழுந்தார்கள். இந்த ஹதீஸை மூடநம்பிக்கைக்கு எதிரானது என்றே நமது மேடைகளில் விளக்குகிறோம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. தன் துயரத்துக்கு அன்றைய சூரியனை அவர்கள் சொந்தம் கொண்டாடவில்லை.

காலத்தைத் திட்டாதீர்கள் என்ற ஹதீஸும் உண்டு. இக்பாலுக்கு மிகப் பிடித்த ஹதீஸ்களில் ஒன்று அது. ஆனால் நாட்களைத் திட்டுவதில் நாம் தேர்ந்தவர்கள். எங்கள் உம்மும்மா ஸபர் மாதத்தைப் பீடை மாதம் என்பார். ஒடுக்கத்துப் புதனன்று மாவிலையில் குங்குமப்பூக் கரைசலால் ஆயத்து எழுதுவித்து, கழுவி, எங்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு வாய் குடிக்கத் தருவார். பிற்காலத்தில் மௌலவிமார் இதற்கெல்லாம் மார்க்கத்தில் இடமில்லை என்றார்கள், நாங்களும் படித்தவர்களாகி உம்மும்மாவைக் கேலி செய்தோம். அப்படிக் கேலி செய்த நான்தான் 2021 ஏப்ரல் 21 இல் என் மகளை வகுப்புக்குப் போகாமல் மறித்தேன். மனைவி கடைக்குப் போக அபாயாவை எடுத்தபோது இன்றைக்கு வேண்டாமே என்றேன். உம்மும்மாவின் புதனுக்கு மாவிலையாவது இருந்தது.

அப்படியென்றால் திகதிகள் வெறும் கட்டங்கள், யார் எதற்கும் கூடலாம் என்று சொல்லிவிடலாமா? மாஸ்டரின் தங்கை அதற்கு இடம் தரவில்லை. அவருடைய வீட்டில் ஒரு நாற்காலி வெறுமையாக இருக்கிறது. நமக்கும் இப்படி நாட்கள் உண்டு. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1492 இல் கொலம்பஸ் ஸ்பெயினிலிருந்து கப்பலேறியதும் அதே ஓகஸ்ட் 3 தான். யாரோ ஒரு ஸ்பானியர் அதைக் கொண்டாடினால் காத்தான்குடியில் எவருக்கும் நோகாது. ஆனால் காத்தான்குடியிலேயே, அந்தப் பள்ளிக்கு அடுத்த வீட்டில், அன்றிரவு ஒலிபெருக்கி வைத்துக் கல்யாணம் நடத்தினால் நோகும். ஆகவே உரிமை திகதியில் இல்லை. அருகில் இருப்பதில் இருக்கிறது. இக்பாலுக்காக அழுவதற்கு இன்று எவரும் மிச்சமில்லை, பாரதிதாசனுக்கும் அப்படியே. அவர்களை எந்த நாளிலும் வாசிக்கலாம். எங்கள் அச்சகத்துக்கும் கொச்சிக்கடைக் கோயிலுக்கும் இடையில் பதினைந்து நிமிட நடை.

இவ்வளவு யோசித்த பிறகு, நாளை மாற்றியது சரி என்ற இடத்துக்கே நானும் வந்து சேர்ந்தேன். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. பயந்து செய்த காரியமும் மரியாதைக்காகச் செய்திருக்க வேண்டிய காரியமும் வெளியில் ஒன்றுபோலவே இருந்தன. செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்று சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். பிறருடைய நிய்யத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதே என்பதற்கே அதை நான் பயன்படுத்தி வந்திருக்கிறேன். என் நிய்யத்தையே நான் அறியாமல் இருக்கலாம் என்பது அறுபது வயதுக்குக் கிட்டப் போய்த்தான் உறைத்தது. அதையும் ஒரு கத்தோலிக்கர் சொல்லவேண்டியிருந்தது.

2019 செப்டெம்பரை நினைத்துக்கொள்கிறேன். ஏப்ரல் நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான போஹ்ரா சகோதரர்கள் முஹர்ரம் பத்து நாட்களுக்காகக் கொழும்பில் வந்து கூடினார்கள். கர்பலாவுக்காக அவர்கள் அழுதார்கள். மூஸா (அலை) அவர்கள் காப்பாற்றப்பட்டதற்கு நன்றியாக நாங்கள் ஆஷூரா நோன்பு பிடித்தோம். அவர்கள் கணிப்பின்படியும் நாம் பிறையின்படியும் மாதம் தொடங்குவதால் இரண்டு ஆஷூராவும் ஒரே கிழமையில்கூட விழுவதில்லை. ஹுஸைன் (றழி) அவர்களுக்காக நம் மனம் கலங்காமல் இல்லை, அவர்கள் மூஸா நபியை மறுப்பவர்களும் இல்லை. ஒரு நாளுக்குள் இரண்டையும் வைத்துக்கொள்ள ஆயிரம் வருடத்துக்கு மேலாக இந்த உம்மத் பழகியிருக்கிறது. எப்போதும் சண்டையில்லாமல் என்று சொல்லமாட்டேன்.

2022 இல் எங்கள் வட்டத்தில் இதை மறுபடியும் எடுத்தேன். முந்திய வருடம் நான் மரியாதை என்று சொன்னது பயம் என்பதையும், அரிசிப் பீப்பாயையும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் தான் ஒரு தப்ஸீரையே கிணற்றடியில் புதைத்ததாகச் சொன்னார். அதன் பிறகு சிரிப்பு நின்றது. கோபமாகப் பேசியிருந்த அந்த இளைஞர்தான் ஒரு யோசனை சொன்னார். மாஸ்டரின் தங்கையிடம் கேட்போம் என்றார். அதுவரை எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை. இரண்டு வருடமாக அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மாஸ்டர் கேட்டுச் சொன்னார். அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். 21 ஆம் திகதி காலையில் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், நீங்களும் வருவதென்றால் வரலாம். கூட்டத்தை எப்போது வைத்தாலும் அண்ணனைக் கூப்பிடுங்கள், அவர் வீட்டில் சும்மா இருக்கக்கூடாது.

அதிலிருந்து கூட்டம் ஏப்ரல் 21 க்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 9 என்ற யோசனை கைவிடப்பட்டது, அதற்கு வேறு காரணம் இல்லை, நவம்பரில் மழை. 21 காலையில் போக விரும்புபவர்கள் போகிறோம். 2022 இல் மூன்று பேர் போனார்கள், நான் போகவில்லை. 2023 இல் அந்தத் திகதி நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாளாக வந்தது. வீட்டில் தொதல் கிண்டிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் மருதாணிக் கையோடு ஓடித் திரிந்தார்கள். காலை 8.45 க்குக் கோயில் மணி அடித்தது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தெளிவாகக் கேட்கும். மருமகள் அகப்பையை நிறுத்தாமல் என்னைப் பார்த்தாள். தொதலை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். அன்றும் நான் போகவில்லை. இந்த முறை பயம் இல்லை என்று நினைக்கிறேன். பெருநாள் வேலை இருந்தது. நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

2024 இல் போனேன். அந்த அம்மா தேநீர் தந்தார். சுவரில் மகளின் படம். இக்பாலைப் பற்றியும் எதுவும் பேசவில்லை, ஏப்ரலைப் பற்றியும் எதுவும் பேசவில்லை. கொட்டாஞ்சேனையில் தண்ணீர் வெட்டு பற்றிப் பேசினோம்.

கடந்த 2025 இல் பாஸ்கு ஏப்ரல் 20 இல் வந்தது. மாஸ்டருக்குரிய நாளும் அவர் தங்கைக்குரிய நாளும் அடுத்தடுத்து. 21 பின்னேரம் மாஸ்டர் தொலைபேசி எடுத்தார். பாப்பரசர் பிரான்சிஸ் காலமாகிவிட்டாராம், செய்தி பார்த்தீர்களா என்றார்.

“உங்கட இக்பாலுக்கும் எங்கட பாரதிதாசனுக்கும் பக்கத்தில இன்னொராள் வந்திட்டார் நானா” என்றார். பாரதிதாசன் எப்போதிருந்து உங்களுடையவர் ஆனார் என்று கேட்டேன். சிரித்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எத்தனை மணிக்கு, தன்னை யாராவது வந்து கூட்டிப்போவார்களா, முழங்கால் வலி, அந்த அச்சகத்துப் படிகளில் தனியாக ஏற முடியவில்லை என்றார்.